பத்தில் ஒன்று குறைந்தால் பஸ் ஏறு

காலை ஏழு மணி இருக்கும். மிட்டாயின் தினைக் கிண்ணத்தை எடுத்து உமியை ஊதிக்கொண்டிருந்தேன். மிட்டாய் என் வீட்டு லவ் பேர்ட்ஸ், பச்சை நிறம். போன் அடித்தது. மேரி அக்காவின் கணவர் சந்தியா அண்ணன். "ஏத்தா சுமதி, ஒங்க அக்கா போயிட்டாத்தா" என்றார். எந்த அக்கா என்று கேட்டேன். அந்த மனுசனிடம் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கிண்ணம் என் கையில் இருந்தது, உமி முகமெல்லாம் ஒட்டியிருந்தது.

தீவில் எங்கள் சின்னத் தபால் ஆபீசில் ஒன்பது வருடம் நானும் மேரி அக்காவும் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர். இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களே, உங்களில் பாதிப் பேர் தபால்தலை வாங்க வந்தவர்கள் இல்லை, கிளிக்கு எடை பார்க்க வந்தவர்கள். கூட்டம் வருவதற்கு முன்னால் கடிதம் நிறுக்கும் தராசில் ஒரு குட்டி அட்டைப்பெட்டியை வைத்து, அதற்குள் உங்கள் கிளியை விட்டு, கிராம் கணக்கில் அக்கா எடை சொல்வார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு கிளிக்கும் ஒரு பக்கம், மேலே பேர், கீழே தேதியும் எடையும். "குருவி வாயத் தெறந்து சொல்லாது. நோவு வந்தா மறைச்சுக்கும். தெரிஞ்சா மத்ததுக கொத்திப்புடும்னு அதுக்குப் பயம். மேலுக்கு முடியலன்னு நம்ம கண்ணுக்குத் தெரியுறப்ப பாதி உசுரு போயிருக்கும். தராசுதான் முன்னாடியே சொல்லும்" என்பார். அவருக்கு ஒரே சட்டம்தான். "பத்துல ஒண்ணு கொறஞ்சா பஸ் ஏறு." கைவைத்தியம் கூடாது, பக்கத்து வீட்டு மாத்திரை கூடாது, மதுரையில் பறவை பார்க்கும் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

எனக்கு இதெல்லாம் புதிது. நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், வயக்காட்டுக்காரி. எங்கள் வீட்டில் கோழி தூங்கி விழுந்தால் வைத்தியம் ஒன்றுதான், அன்று மத்தியானம் குழம்பு. இதைச் சொன்னபோது மேரி அக்கா, "அப்ப ஒனக்குக் காச்சல் வந்தா ஒன் வீட்டுக்காரர மொளகா அரைக்கச் சொல்லவா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஆபீசே திரும்பிப் பார்க்கும்.

மிட்டாய்க்கு முன்னால் எனக்கு வேறொரு கிளி இருந்தது. அது பட்டினியால் செத்தது. கிண்ணம் நிறையத் தினை இருக்கிறது, இது ஏன் செத்தது என்று கிண்ணத்தையும் கையோடு எடுத்துப் போய் அக்காவிடம் அழுதேன். "ஊது" என்றார். ஊதினேன். எல்லாம் உமி, பறந்துவிட்டது. அடியில் ஒரு மணி இல்லை. தின்றுவிட்டுத் தோலை அதிலேயே போட்டிருக்கிறது, நான் மூன்று நாளாக நிறைந்த கிண்ணத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறேன். அவர் திட்டவில்லை. "நெறஞ்ச கிண்ணத்த நம்பாத சுமதி. தெனமும் ஊதிப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

இந்த வருடம் தவக்காலத்தில் மிட்டாய் படுத்துக்கொண்டது. நாள் முழுக்கத் தின்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் மெலிந்தது. இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூச்சு வாங்கும்போது வால் மேலும் கீழும் ஆடியது. மேரி அக்கா அதன் நெஞ்சில் விரலை ஓட்டிப் பார்த்து, என் விரலையும் வைத்துக் காட்டினார். நடு எலும்பு கத்தியாகத் தட்டுப்பட்டது. எச்சத்தைப் பிரித்துப் பார்த்தார். தினை முழுசாக, செரிக்காமல் கிடந்தது. தராசில் முப்பத்தாறு கிராம் இருந்தது முப்பத்திரண்டாகியிருந்தது. "ஏறிர வேண்டியதுதான்" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. "நீ இங்கனயே கெட. அழுதுக்கிட்டே கொண்டுபோனா குருவி பயந்தே செத்துரும். நான் போறேன்" என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை ஒரு ஓரத்தில் வைத்து, மிட்டாயை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அந்த வெயிலில் குளிர்காற்று படக்கூடாது என்று மதுரை வரைக்கும் ஜன்னலைத் திறக்கவில்லையாம். நான் கவுண்டரில் உட்கார்ந்து ஒரே ரசீதை மூன்று தடவை தப்பாகப் போட்டேன்.

வயிற்றில் பூஞ்சை என்றார் டாக்டர். சொட்டு மருந்து கொடுத்தார், காலையும் மாலையும். அலகின் ஓரத்தில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், நேரே வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். அந்த நாட்களில் மிட்டாய் எங்கள் கவுண்டருக்குக் கீழேதான் இருந்தது. கூண்டின் பாதிக்குத் துணி, துணிக்குப் பக்கத்தில் குண்டு பல்பு. சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறுபாதியை அக்கா திறந்து விட்டிருந்தார். ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. மிட்டாய் கம்பியிலிருந்து கீழே இறங்கி மூலையில் ஒண்டிக்கொண்டது. கிளி தரையில் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் அலறினேன். மேரி அக்கா எதிர் டீக்கடைக்கு நாலு தடவை ஓடினார், வெந்நீர் வாங்கிவர. நாலாவது தடவை வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் வெளுத்திருந்தது. "என்னக்கா?" என்றேன். "நோன்புத்தா" என்றார். நான் பாட்டிலை வாங்கிக்கொண்டு மிட்டாயிடம் திரும்பிவிட்டேன்.

அவர் மெலிந்தது எனக்கும் தெரிந்தது, எல்லோருக்கும் தெரிந்தது. தவக்காலம், ஒருபொழுது இருக்கிறார் என்று நாமெல்லாம் பேசிக்கொண்டோம். ஈஸ்டர் வந்தால் சதை போடும் என்றோம். ஈஸ்டர் வந்தது, போனது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து, மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து, பேசிக்கொண்டே கிண்டிக்கொண்டிருப்பார். எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவேன். பாக்ஸ் நிறைந்திருந்தது. நான் ஊதிப் பார்க்கவில்லை. ஒருநாள் தபால் மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் அவர் ஏறி நிற்பதைப் பார்த்தேன். "இந்த மூட்டை எந்த ஊருக்குன்னு பாத்தேன்" என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து சந்தியா அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் அந்த நோட்டு, ஒரு பையில் கணவாய் ஓடு. கிளி கொத்துவதற்கென்று அக்கா கரையில் பொறுக்கி வைத்திருந்தது. "இத நீ வச்சுக்கத்தா. கடேசில ஒரு பக்கத்துல மட்டும் பேரு போடல. எந்தக் குருவி அது? அம்பத்தெட்டு இருந்தது நாப்பத்துநாலா ஆகியிருக்கு, பாவம். பஸ் ஏத்துனாகளா?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு கிராமில் இங்கே யார் வீட்டிலும் கிளி கிடையாது. அது கிலோ. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறு, ஐம்பத்துநாலு, ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டுக்குப் பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு மிட்டாயின் பக்கத்தைப் புரட்டினேன். அதே தேதியில் முப்பத்திரண்டு. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பத்தில் ஒன்று குறைந்திருக்கிறது. அன்றைக்குத்தான் அவர் மதுரைக்குப் போனார். அத்தனை பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கும் ஊருக்குப் போய், என் கிளியைக் காட்டிவிட்டு, தன்னைக் காட்டாமல் கடைசி பஸ்ஸில் திரும்பி வந்தார்.

ஏன் அக்கா? உங்கள் சட்டம் உங்களுக்கு இல்லையா? நீங்கள் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் உங்களைக் கொத்த இங்கே யார் இருந்தோம்?

சந்தியா அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏத்துனாகண்ணே. நல்லா இருக்கு" என்றேன். "நல்லதுத்தா. அவ பாத்ததுல ஒண்ணாவது நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அண்ணே, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். அன்று நான் பொய் சொன்னேன். அது குருவி இல்லை. அது பஸ் ஏறியது மட்டும் உண்மைதான், என் மிட்டாயை மடியில் வைத்துக்கொண்டு ஏறியது. நான்தான் ஏற்றி அனுப்பினேன், திரும்பி வந்தபோது "மிட்டாய் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டேன். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த நோட்டும் ஊதிப் பார்க்கும் பழக்கமும்தான். இப்போது ஆபீசில் யார் டிபனைத் திறந்தாலும் வெட்கமில்லாமல் எட்டிப் பார்க்கிறேன், தின்கிறாயா கிண்டுகிறாயா என்று கேட்கிறேன். கோபித்துக்கொள்கிறார்கள், கொள்ளட்டும். பேர் இல்லாத அந்தப் பக்கத்தின் மேலே இன்று காலை மேரி என்று எழுதினேன். பிறகு பெட்டியைத் தராசில் வைத்து மிட்டாயை நிறுத்து, அதன் பக்கத்தில் எழுதினேன். முப்பத்தாறு.