மூத்த குமாரன் வேஷம்

எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால், அது வேதத்தில் எந்த அதிகாரத்தில் வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஆளைப் பார்ப்பது அப்புறம். மம்சாபுரம் கிறிஸ்தவ சபையில் தாத்தா உபதேசியார். உலகத்துச் சங்கதியெல்லாம் ஏற்கெனவே எழுதி முடிந்துவிட்டது, நாம் ஆளுக்கொரு வேஷம் கட்டுவதுதான் பாக்கி என்பது அவருடைய எண்ணம்.

ஒன்பது வயதில் எனக்கு நிஜமாகவே ஒரு வேஷம் கிடைத்தது. அறுப்பின் பண்டிகைக்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கெட்ட குமாரன் கதையை நடித்தோம். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வருகிற இளைய மகனுக்கு அப்பன் விருந்து வைக்க, வயலே கதியென்று உழைத்த மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியிலேயே நிற்பானே, அந்த மூத்தவன் நான். மூஞ்சி இயல்பிலேயே அப்படி என்று தேர்ந்தெடுத்தார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டு, உதட்டைப் பிதுக்கி, "நான் உள்ள வரமாட்டேன், போங்க!" என்றேன். சபையே சிரித்தது. அதன்பின் நகைச்சுவை என்று எவ்வளவோ எழுதிப் பார்த்துவிட்டேன். அத்தனை பேரை ஒருமுறையும் சிரிக்கவைத்ததில்லை.

அந்த மாதமே, கொழும்புக்கு ஓடிப்போயிருந்த சித்தப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டிறங்கி நடந்தே வந்து சேர்ந்தார். கையில் ஒரு குடை. அதிலும் கம்பிகள்தான் இருந்தன. தாத்தா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார். கதைப்படி கொழுத்த கன்றை அடிக்க வேண்டும். அதற்கு ஊர் சம்மதிக்காது. கிடாயை அடித்தார்கள். அது அப்பா வளர்த்த கிடாய். உழவுமாட்டில் ஒன்று செத்துப்போயிருந்தது. கிடாயை விற்று, மேற்கொண்டு ஏதாவது போட்டு, ராஜபாளையத்தில் ஜோடிமாடு பிடிக்க வைத்திருந்தார்.

மத்தியானம் பருத்திக் காட்டிலிருந்து அப்பா வந்தார். வாசலில் தோல் காய்ந்துகொண்டிருந்தது. அப்படியே நின்றுவிட்டார். இலையை விட்டெழுந்து தாத்தா போனார்.

"ஏலே, உள்ள வா. தம்பி வந்திருக்கான்லா?"

"வரட்டும். கிடாய அறுக்க முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா, ஐயா?"

தாத்தா தடுமாறினார். செத்த நேரம் விட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். நான் விடவில்லை. ஒரு விறகை எடுத்துத் தோளில் போட்டேன், உதட்டைப் பிதுக்கினேன்.

"நான் உள்ள வரமாட்டேன், போங்க!"

வீடு அதிர்ந்தது. சித்தப்பாவுக்குப் புரையேறியது. தாத்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதியிருக்கபடியே நடக்கு, பாத்தியளா?" என்றார். அப்பாவின் கேள்வி அத்தோடு போயிற்று.

அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். கைகால் கழுவினார். உள்ளே வந்து உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டார். அந்த வருஷம் அடுத்த வீட்டு மாட்டை இரவல் வாங்கித்தான் உழுதார். பிறகு பாகம் பிரித்தபோது கிணறு இருந்த காடு சித்தப்பாவுக்குப் போனது. அப்பா வாய் திறக்கவில்லை. திறந்தால் யாராவது சிரிப்பார்கள். கோயிலில் அந்த அதிகாரம் வாசிக்கிற ஞாயிறுகளில் மட்டும் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. தாத்தா கூப்பிட்டும் வராதவரை ஒரே வசனத்தில் உள்ளே வரவைத்துவிட்டேன் என்று, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து, இன்னும் ரெண்டு துண்டு கறி கேட்டு வாங்கித் தின்றேன்.