தனியாகப் போளூர் போன புளி மூட்டை

ஐம்பதை எட்டும் வயதில் ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கான கட்டளை வரிசை, எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறேன். போன வாரப் பாடம் ‘இஃப்’: இப்படி இருந்தால் இதைச் செய். என் போட்டோ ஸ்டுடியோ கணினிக்கு இரண்டு இஃப் எழுதினேன். வெளி டிஸ்க் செருகியிருந்தால் கல்யாணப் படங்களை அதில் நகலெடு. கணினியில் இடம் குறைந்திருந்தால் பழைய படங்களை அழி. ஒன்றின் கீழ் ஒன்றாக அழகாகத்தான் இருந்தன. டிஸ்க்கைச் செருகத்தான் மறந்துவிட்டேன். கணினி முதலாவதைத் தாண்டிப் போய், இரண்டாவதைச் சுத்தமாகச் செய்து முடித்தது. நான் ஒயரைப் பிடுங்கி, ஷட்டரை இறக்கி, ஊரைவிட்டு எந்தப் பக்கம் ஓடலாம் என்று யோசித்த பிறகுதான், அழிந்தவை பயிற்சிக்காகப் போட்ட நகல்கள் என்பது ஞாபகம் வந்தது. தண்ணீர் குடித்து உட்கார்ந்தபோது புளி மூட்டை நினைவுக்கு வந்தது.

என் சின்ன வயதில், ஜவ்வாது மலையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கீழே போளூருக்குக் காலையில் ஒரு பஸ், மத்தியானம் ஒரு பஸ். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். என் நிஜாரின் பின்பக்கம் தபால் பெட்டி மாதிரி திறந்திருந்தது. அந்த மூட்டைப் புளியைப் போளூரில் விற்றால்தான் புது நிஜார். நானும் அப்பாவும் மூட்டையோடு காலை பஸ்ஸுக்கு நின்றோம். பையை வீட்டில் மறந்துவிட்ட அப்பா, எடுத்துவரக் கிளம்பினார்.

“பஸ் வந்துச்சுன்னா மூட்டைய மேல ஏத்திடு. நான் வர்லன்னா நீ ஏறாத. இன்னா?”

பஸ் வந்தது. அப்பா வரவில்லை. கிளீனர் உதவியோடு மூட்டையை மேலே ஏற்றிவிட்டு, நான் ஒதுங்கி நின்றேன்.

“இன்னாடா, மூட்டை மட்டும்தான் போளூர் போவுதா?” என்றார் கண்டக்டர்.

“எங்கப்பா வர்லீங்க. ஏறக் கூடாதுன்னாரு.”

“சரி, மூட்டைக்கு ஜன்னல் சீட்டு குடுத்துடறேன்.” விசில் அடித்துவிட்டார்.

பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போவது புளியல்ல, என் நிஜார். ஒரு கையால் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு ஓடினேன். டிரைவரையோ கண்டக்டரையோ கூப்பிட்டிருக்கலாம். நான் “மூட்டை, மூட்டை” என்று மூட்டையைத்தான் கூப்பிட்டேன். அது திரும்பிப் பார்க்கவில்லை.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தால் அப்பா நிற்கிறார்.

“மூட்டை எங்கடா?”

“போளூர் போய்ட்டுது.”

“நீ ஏன்டா போவல?”

“நீதான் வர்லியே.”

அடிக்க ஓங்கிய கை பாதியில் நின்றது. சற்று யோசித்துவிட்டு, அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டார். மத்தியான பஸ்ஸில் போனார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், “ஆளு பின்னால வருவாரு” என்று சொல்லி மூட்டையைக் கண்டக்டர் இறக்கி வைத்திருந்தார். சாயங்காலம் நிஜார் வந்து சேர்ந்தது.

கணினிக்கு அப்படியொரு கண்டக்டர் கிடையாது. அதனால் இப்போது அழிக்கும் இஃப்பைத் தூக்கி, நகலெடுக்கும் இஃப்புக்கு உள்ளே வைத்துவிட்டேன்; நகல் எடுத்தால்தான் இனி அழிக்கும். கடைசியில் ஒரு ‘எல்ஸ்’: டிஸ்க் இல்லாவிட்டால் எதையும் தொடாதே, என்னைக் கூப்பிடு.

அப்பாவும் இதைத்தான் செய்தார். அந்த வாரம் முழுக்க எனக்கு இட்ட கட்டளைகள் நீண்டுகொண்டே போயின. “பஸ் வந்து, நானும் வந்திருந்தா, மூட்டைய ஏத்து. இல்லன்னா நீயும் மூட்டையும் கீழயே இருங்க.” என்னை அடிமுட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார் என நினைத்து, புது நிஜாரோடு மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தன் பேச்சைத்தான் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.