செக்கர் அண்ணன் கேட்ட இறக்கம்

பதவி உயர்வு கேட்டு மனு எழுதாதவர் எங்கள் பஸ் டிப்போவில் யாருமில்லை. பதினாறு வருஷமாகச் சம்பளப் பிரிவில் உட்கார்ந்து அவற்றைப் படித்துச் சலித்துப்போனவள் நான். ஆனால் போன மாதம் வந்த ஒரு மனுவை மூன்று தடவை படித்தேன். டிக்கெட் பரிசோதகராக இருக்கும் ஒருவர், தன்னைப் பழையபடி டிரைவராகப் போடச் சொல்லிக் கேட்டிருந்தார். என்னைக் கீழே இறக்குங்கள் என்று ஒரு மனுஷன் தானாக வந்து கெஞ்சுவாரா? காரணம் தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

அவரைச் செக்கர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இருபது வருஷம் டிரைவர், அப்புறம் ஒன்பது வருஷமாகச் செக்கர். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. என் ஜன்னல் பக்கம் வந்தவரை விடவில்லை.

“என்னண்ணே, யார்கூடயாவது சண்டையா?”

“சண்டை போடக்கூட ஆளில்லம்மா. நான் பஸ்ல ஏறினதும் பேச்சு நின்னுடும். கண்டக்டர் பையைப் பார்ப்பாரு, டிரைவர் ரோட்டைப் பார்ப்பாரு. கேன்டீன்ல நான் போய் உட்கார்ந்தா பக்கத்துல இருக்கிறவங்க எழுந்து போயிடுவாங்க. ஒன்பது வருஷமா இதே கதைதான்.”

“இதுக்காகவா இறங்கறீங்க?”

“இதுக்காகத்தான்.”

சரி, இறங்கினால் சம்பளம் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஆசையோடு விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். நிர்வாகமோ நோயோ ஒருவரைக் கீழே தள்ளினால், குறைகிற தொகையைத் தனிப்படியாகச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். தானே கேட்டு இறங்கினால் அந்தச் சலுகை கிடையாது. கீழ்ப்பதவிக்கு உச்சச் சம்பளம் எதுவோ அதோடு சரி.

“ஆறுல ஒரு பங்கு போயிடும்ணே. கடைசிச் சம்பளத்தை வச்சுத்தான் பென்ஷன். அதுவும் ஆயுசுக்கும் குறையும்.”

அவர் முகம் செத்துப்போனது. “வீட்ல என்ன சொல்றதுன்னு தெரியலையே” என்று முனகினார்.

பார்க்கவே பாவமாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் மூளை சும்மா இருக்குமா?

“முதுகு வலி உண்டாண்ணே?”

“பஸ் ஓட்டினவனுக்கு முதுகு வலி இல்லாம இருக்குமா?”

“அப்போ டாக்டர்கிட்ட அதை எழுதி வாங்கிட்டு வாங்க. நோய்னு காட்டினா சம்பளம் அப்படியே நிக்கும்.”

அவரும் வாங்கிக்கொண்டு வந்தார். நானே ஃபைலில் கோத்து மேலே அனுப்பினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலாம் நாள் ஃபைல் திரும்பி வந்தது. மேலாளர் எழுதியிருந்தார்: ‘முதுகு முடியாதவரிடம் ஐம்பது பயணிகளை எப்படி ஒப்படைப்பது? டிரைவர் வேலை கிடையாது. வாசலில் உட்கார்ந்து வண்டி எண் குறிக்கட்டும். சம்பளம் குறையாது.’

தலையில் அடித்துக்கொண்டேன். விதிகளைக் கரைத்துக் குடித்தவள் என்று எனக்குப் பெயர் வேறு! டிரைவருக்கு உடல் தகுதி வேண்டும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். சம்பளக் கட்டத்தையே பார்த்துப் பழகிய எனக்கு ஸ்டியரிங் ஞாபகத்துக்கே வரவில்லை.

“உட்கார்ந்த இடத்துல முழுச் சம்பளம்ணே, ஒத்துக்கங்க” என்றேன், வெட்கத்தை மறைத்துக்கொண்டு.

“வாசல்ல தனியா உட்காரவா நான் மனு குடுத்தேன்? அந்தச் சர்டிபிகேட்டைத் திரும்ப எடுத்துக்க முடியுமா?”

“மறுபடி பரிசோதனைக்குப் போகணும். வண்டி ஓட்டலாம்னு வந்துட்டா, சம்பளம் குறையறதை யாராலயும் தடுக்க முடியாது. யோசிச்சுக்கங்க.”

அவர் யோசிக்கவில்லை, நேராகப் போனார். வயசுக்கேத்த வலிதான், தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். புதுச் சம்பளத்தைக் குறித்து நான் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. அன்று காலை ஜன்னலில் ஓர் அம்மாள் வந்து நின்றார்.

“செக்கரோட வீட்டுக்காரிம்மா. எவ்வளவு குறையும்னு உங்களுக்குத்தான் தெரியுமாமே.”

இன்றைக்கு நமக்கு நல்ல அர்ச்சனைதான் என்று நினைத்தபடி தொகையைச் சொன்னேன். பென்ஷனையும் சொன்னேன். அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

“நான் இன்னும் கையெழுத்துப் போடலக்கா. நீங்க வேணாம்னா இப்பவே நிறுத்தி வைக்கிறேன்.”

“நிறுத்தவா? நல்லா இருக்கே! செக்கர் ஆனதுலேருந்து வீட்லயும் வாயைத் திறக்காத மனுஷன்மா அவரு. டாக்டர் சரின்னு சொன்ன அன்னிக்கு, சாப்பிடும்போது பஸ்ல நடந்த கதை ஒண்ணு சொன்னாரு. பழைய கதைதான். பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எங்க அப்பாவுக்கு இப்படிப் பேச வருமான்னு சின்னவ என்னைக் கேக்கறா.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எவ்வளவு பிடிக்கணுமோ பிடிச்சுக்கோங்கம்மா.”