கோல்ப் திடலில் சாமியார் செய்த பாவம்

கோல்ப் என்கிற ஆட்டத்தைப் போல ஒரு வெட்டி வேலையை நான் கண்டதில்லை என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பந்தை அடிப்பார்கள். அது எங்கோ போய் விழும். வெயிலில் அதைத் தேடி நடப்பார்கள். கண்டுபிடித்ததும் சந்தோஷப்பட்டு, எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாமல், மறுபடியும் தொலைத்துவிடுவார்கள். இதற்காகப் பினாங்கில், ஜார்ஜ் டவுனின் ஓரத்தில், குதிரைப் பந்தயத் திடலுக்குள்ளே, அவ்வளவு நல்ல புல்லை வளர்த்து வைத்திருந்தார்கள். அந்தப் புல்லையும் அதை வெட்டும் ஆட்களையும் மேய்த்த கிராணி, அதாவது குமாஸ்தா, என் வீட்டுக்காரர். எங்கள் குவாட்டர்ஸின் அடுப்படி வேலிக்கு அந்தப் பக்கமே திடல்தான். வெள்ளைக்காரர்கள் அடித்த பந்து எத்தனையோ முறை என் துணிக்கொடியில் வந்து விழுந்திருக்கிறது.

முதலில் எங்கள் வீட்டுத் துக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் முதல் பிள்ளை பெண். நாள் ஆகும் முன்பே, திடலில் பெரிய போட்டி நடந்த ஒரு சாயங்காலம் பிறந்தாள். பக்கத்துக் கம்போங் கிராமத்திலிருந்து வந்த மலாய் மருத்துவச்சி பக்குவமாகத்தான் பார்த்தாள். நான் நினைவு தப்பிக் கிடந்தேன். சொல்லி அனுப்பியும், போட்டியை விட்டு வர என் வீட்டுக்காரரால் உடனே முடியவில்லை. ஓடி வந்து சேர்ந்தபோது பிள்ளை அடங்கிவிட்டிருந்தது.

சாகப்போகும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கரான எங்களில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் நினைவில்லாமல் கிடக்க, அந்த வீட்டில் அதைச் செய்யத் தெரிந்த மற்ற ஒரே ஆள் திடலில் நின்றுகொண்டிருந்தார். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்று உபதேசியார் கையைப் பிசைந்தார். கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியே புதைத்தோம்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் கோவிலுக்குள் கால் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என்னை ரிக்ஷாவில் கூட்டிப் போவார்; வெளியே மரத்தடியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்பார்; முடிந்ததும் திரும்பக் கூட்டி வருவார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனமும் இல்லை, பூசையில் அப்பமாகத் தரும் நன்மை வாங்குவதும் இல்லை. கேட்டால், "எனக்கு என்னா யோக்கியதை இருக்கு?" என்பதோடு பேச்சை முறித்துவிடுவார். கோபக்காரராக இருந்திருந்தால் சண்டை போட்டாவது உள்ளே இழுத்திருப்பேன். அவரோ தன்னைத்தானே வெளியே நிறுத்திக்கொண்ட மனுஷன். இப்படியே இவர் கண்ணை மூடிவிடுவாரோ என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே பயம்.

அந்தச் சமயத்தில்தான் புதுச் சாமியார் வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், வாலிபம், தென்னை மரத்தில் முக்கால் உயரம். எங்கள் தமிழ்ச் சனங்களின் பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காகத் தமிழ் படிக்கும்படி மேலிடத்தில் உத்தரவு. ஜெபப் புத்தகத்தோடு கோல்ப் மட்டைகளும் கப்பலில் வந்திருந்தன. துரைமார்கள் வராத திங்கட்கிழமையில் ஆட அவருக்கு அனுமதி கிடைத்தது. கூட ஆட ஆள் வேண்டுமே. கழித்துப் போட்ட பழைய மட்டைகளை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் தனியாக நன்றாகவே ஆடுவார். இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: கை ஆடும், வாய் தமிழ் பேசும்.

ஸ்காட்லாந்தில் பிறந்த பிள்ளை நடக்கும் முன்பே கோல்ப் ஆடும் என்று என் வீட்டுக்காரர் என்னிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். முதல் திங்கட்கிழமை வேலியோரம் நின்று பார்த்தேன். சாமியார் வெள்ளை அங்கியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, மட்டையைத் தூக்கி ஒரு வீச்சு வீசினார். புல் பறந்தது, மண் பறந்தது, பந்து மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆட்டத்தில் அவ்வளவு ஆசையும் அவ்வளவு கையாலாகாத்தனமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் மனுஷனுக்கு முகம் சுண்டவே சுண்டாது. ஒவ்வொரு முறையும் அதே நம்பிக்கையோடு மட்டையைத் தூக்குவார். அந்தக் குணத்தை நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன், வெளியே சிரித்துக்கொண்டே.

அவர் தப்பாக அடிக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் நாக்கால் 'ச்சு' கொட்டி, "பாவம்!" என்பார். தமிழர் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். ஆனால் சாமியார் கையில் இருந்த அகராதியில் பாவத்துக்கு ஒரே அர்த்தம்தான் போட்டிருந்தது போலும். சர்வேசுரனுடைய கட்டளையை மீறுவது. பினாங்குத் தமிழர்கள் பந்தைத் தப்பாக அடிப்பதைக்கூடப் பாவமாக எண்ணும் அளவுக்குக் கண்டிப்பான பக்திமான்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கொஞ்ச நாளில் அவரே சொல்லத் தொடங்கினார். ஞானோபதேசத்தில் பாவத்தைச் சின்னது, பெரியது என்று பிரிப்பதுபோல, பந்து உயரமான புல்லில் விழுந்தால், "அற்பப் பாவம்!" லோங்கானில், அதுதான் சாக்கடையில், விழுந்தால் நெஞ்சில் தட்டிக்கொண்டு, "சாவான பாவம்!" என்று கத்துவார். அடுப்படியில் நின்று நான் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் அவரைத் திருத்தவில்லை. சாமியார் வேடிக்கை பண்ணுகிறார் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை சாமியார் பந்தை எடுக்கப் போய் லோங்கானிலேயே விழுந்து, முழங்கால் வரை சேறாக எங்கள் வீட்டுக்குக் கால் கழுவ வந்தார். அடுத்த குவாட்டர்ஸ் பெண் ஓர் இந்துப் பெண், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். வாசலில் அவரைப் பார்த்துவிட்டு, "ஐயோ, பாவம் சாமி!" என்றாள்.

சாமியார் திடுக்கிட்டு நின்றார். "அம்மா, நான் பாவம் செய்தேன் என்று உமக்கு யார் அறிவித்தது? நீர் திடலில் இல்லையே!"

அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "சாமி, சர்வேசுரனுக்கு விரோதமா பண்றதும் பாவம்தான். கஷ்டத்துல கெடக்கிறவனப் பாத்து நமக்கு மனசு எளகுது பாருங்க, அப்பச் சொல்றதும் பாவம்தான். அவ உங்களக் குத்தம் சொல்லல லா. உங்க மேல பரிதாபப்பட்டா."

"ஒரே சொல்லா?"

"ஒரே சொல்லுதான்."

சாமியார் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "அப்படியானால், இத்தனை மாதமும் நான் தவறியபோது நீர் என்னைக் குற்றம் சாட்டவில்லையா?"

"குத்தமா? நீங்க அடிக்கிற அடிக்கு அழுகதான் சாமி வரும்," என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தோம். சாமியாரும் சிரித்தார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறிப் போயிற்று. "எங்கள் பாஷையில் குற்றத்துக்கு ஒரு சொல், இரக்கத்துக்கு வேறு சொல்," என்றார் மெதுவாக. "ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்ச் சேர நான் குருமடத்தில் பல வருஷம் படித்தேன். நீங்கள் ஒரே வாயால் இரண்டையும் சொல்லிவிடுகிறீர்கள்." நான் பிறந்தது முதல் பேசிவரும் சொல் அது. அதற்குள் அப்படி ஒன்று இருப்பதை, தமிழே சரியாக வராத ஒருவர் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. அன்று முதல் அந்த மனுஷனைப் பார்த்து நான் சிரிப்பது குறைந்துபோனது.

அடுத்த திங்கட்கிழமை நடந்ததை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்தேன். பேச்சு கேட்கவில்லை; அதைப் பிறகு என் வீட்டுக்காரரே சொன்னார். பாவசங்கீர்த்தனத்தை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டளை சாமியாருக்குத்தானே தவிர, சொன்னவருக்கு இல்லை.

சாமியாருடைய பந்து, குதிரை மிதித்த குளம்புக் குழிக்குள் சிக்கிக்கொண்டது. அவர் குனிந்து எடுத்து ஓரமாக வைக்கப் போனார். என் வீட்டுக்காரர் ஆட்டத்தின் சட்டத்தில் புலி. "தொடாதீங்க சாமி. கெடக்கிற எடத்துல இருந்துதான் அடிக்கணும்," என்றார். சாமியார் அடித்தார். பந்து கொஞ்சம் புரண்டு பக்கத்திலேயே நின்றது. இவர் வழக்கம்போல, "பாவம்!" என்றார்.

சாமியார் மட்டையைக் கீழே போட்டுவிட்டு இவரை நேராகப் பார்த்தார். "கிராணி, உம்மைப் பார்த்து இப்படி யாராவது சொன்னார்களா?"

யாரும் சொல்லவில்லை. பிள்ளை செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு பாவம் பாவம் என்று அழுதார்கள். வாசலில் சவப்பெட்டிக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தவரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இவர் அந்தப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். போட்டி, சொல்லி அனுப்பிய ஆள், ஓடி வந்தது, ஊற்றாமல் போன தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னார். "அந்தச் சாயங்காலத்த எடுத்து வேற எடத்துல வைக்க முடியலயே சாமி," என்று விசும்பினார்.

"முடியாது," என்றாராம் சாமியார். "அது கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும். அங்கிருந்தே நடப்போம். ஆண்டவரும் அங்கேதான் நிற்கிறார், உம்மைப் பார்த்து நீர் என்னிடம் சொன்னதையே சொல்லிக்கொண்டு."

சாமியார் இடுப்பில் செருகியிருந்த அங்கியை அவிழ்த்துக் கீழே விட்டதைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு முழந்தாள் போட்டார். அவர் தலைக்கு மேல் சாமியார் கையை உயர்த்திச் சிலுவை வரைந்தார். அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருந்தது. தீயட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சாமியார் கோல்பில் கடைசிவரை தேறவில்லை. தமிழும் அரைகுறைதான். ஆனாலும் அவரைவிடப் பெரிய சாமியாரை நான் கண்டதில்லை. தன்னுடைய தோல்வியை வைத்தே இன்னொருவனைத் தூக்கிவிடத் தெரிந்த மனுஷன் அவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரிக்ஷாவிலிருந்து இறங்கியதும் என் வீட்டுக்காரர் மரத்தடிக்குப் போகவில்லை. என்னோடு உள்ளே வந்தார். ஆண்கள் பக்கம் முழந்தாளிட்டு நன்மை வாங்கினார். பூசை முடிந்து வீட்டுக்குத் திரும்பாமல், ரிக்ஷாவைக் கல்லறைத் தோட்டத்துக்கு விடச் சொன்னார். புதைத்த நாளுக்குப் பிறகு அவர் அங்கே வந்ததே இல்லை.

வேலிக்கு வெளியே குனிந்து களையைப் பிடுங்கினார். நிமிராமலே, "இவளுக்கு நான் பேரு பாத்து வச்சிருந்தேன்," என்றார்.

என்னவென்று கேட்டேன். சொன்னார். அதுவரை நாங்கள் அவளைப் பிள்ளை, பிள்ளை என்றே நினைத்து அழுதிருந்தோம். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் உட்கார்ந்து பேர் சொல்லி அழுதோம்.