கழுத்தில் தங்கிய காற்று

வீக்கம் முதலில் தெரிந்தது சித்திரையில் என்று என் மனைவி செண்பகம் சொல்வாள். அவள் அக்கா மகளின் சடங்கு வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, என் இடது தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்ததைக் கண்டவள் அவள்தான். நானும் வெகுநாள் அப்படியே எண்ணியிருந்தேன். பிறகு கைப்பேசியில் கிடந்த பழைய படங்களைப் பார்த்தபோது, முந்தைய ஆண்டு கார்த்திகையில் எடுத்த ஒரு கல்யாணப் படத்தில் சட்டைக் காலருக்கு மேலே அதே இடம் லேசாக உப்பியிருந்தது. ஆகவே தொடக்கம் கார்த்திகை, அல்லது அதற்கும் முன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி "எப்போதிலிருந்து?" என்பதுதான். நமக்கு நினைவிருப்பது நாம் கவனித்த நாள் மட்டுமே. போகும் முன் பழைய படங்களை ஒருமுறை பாருங்கள்.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் ஏலம் கூறுவது என் வேலை. வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்தும் மேலநீலிதநல்லூர்ப் பக்கமிருந்தும் காலையில் மல்லி, பிச்சி, கேந்தி எல்லாம் வந்து இறங்கும். நாங்கள் மைக் வைப்பதில்லை. ஒரு கடை வைத்தால் எல்லாக் கடையும் வைக்கும், அப்புறம் எந்த விலை எந்தக் கூடைக்கு என்று யாருக்கும் விளங்காது என்பதால் கடைக்காரர்கள் கூடிப் பேசிச் செய்த ஏற்பாடு. எனவே தொண்டைதான் மைக். அடுத்தடுத்த கடைகளில் ஒரே நேரத்தில் ஏலம் நடக்கும். வாங்க வருகிறவர்கள் குரலை வைத்தே கடையைப் பிரித்தறிவார்கள்.

வீக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: பொன்னுக்கு வீங்கி. எங்கள் பக்கத்தில் அதற்கு வைத்தியம், கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு ஆளை வெளியே விடாமல் வைத்திருப்பது. செண்பகம் தன் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டாள்.

"அம்பது வயசுக்கு மேல பொன்னுக்கு வீங்கியா?" என்று கேட்டேன்.

"சின்னப் பிள்ளையில வராதது இப்ப வந்திருக்கு. நாலு நாள் வாய மூடிட்டுக் கெடங்க."

கிடந்தேன். வீக்கம் வடிந்தது. தங்கம் கேட்டுவிட்டது என்று தெருவே சொன்னது. வேலைக்குப் போன அன்றே மறுபடியும் வந்தது. மறுபடியும் சங்கிலி, மறுபடியும் வீடு, மறுபடியும் வடிந்தது. இரண்டு முறையும் நான் பேசாமல் கிடந்தேன் என்பதை யாரும் யோசிக்கவில்லை, நான் உள்பட.

அடுத்த முறை சங்கிலியைக் கழற்றாமலே மார்க்கெட்டுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு அருகே பூக்கட்டி விற்கும் பேச்சியம்மாள் எங்கள் கடையில் நெடுநாளாக வாங்குபவர். கூடையைக் கிளறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, புது மாப்பிள்ளையாட்டம் மினுக்குதியளே! மச்சினன் மோதிரம் போடலியா?"

கூட்டம் சிரித்தது. நான் ஏலத்தைத் தொடர்ந்தேன். விலை ஏற ஏற, தொளதொளவென்று கிடந்த சங்கிலி கழுத்தைப் பிடிக்கத் தொடங்கியது. தங்கம் சுருங்காது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தினால் வருகிறது, வாயை மூடினால் போகிறது. இது பொன்னுக்கு வீங்கி இல்லை.

ஊரில் ஒரு மருத்துவரிடம் காட்டினேன். அவர் தைராய்டாக இருக்கலாம் என்று இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார். முடிவில் குறை எதுவும் இல்லை. காது, மூக்கு, தொண்டை மருத்துவரைத் திருநெல்வேலியில் பார்க்கச் சொன்னார். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயிலின் தபசுத் திருவிழாவுக்கு முன்னால், பூ குவியும் நாட்களில், ஏலக்காரன் ஊரை விட்டுப் போக முடியாது.

அந்த நாட்களில் குரல் கரகரத்தது. தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் இருந்தது, கனைத்தாலும் போகவில்லை. ஒருநாள் ஏலம் முடிந்து டீ குடிக்க உட்கார்ந்தபோது, மூச்சை உள்ளே இழுக்கையில் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. கடை முதலாளி வேலாயுதம் அண்ணாச்சிக்கும் அது கேட்டது.

"என்னவே சுப்பையா, தொண்டைக்குள்ள குருவி வளக்கீரா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏன் மூஞ்சி கறுத்துப் போவுது? தபசு முடியட்டும், திருநெல்வேலிக்குப் போயிட்டு வாரும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "முடியட்டும்னு சொன்னது எனக்காவத்தான், உமக்காவ இல்ல. நாளைக்கே போனாலும் சரி."

தபசு முடிந்துதான் போனேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மூச்சில் சத்தம் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

திருநெல்வேலி மருத்துவர் நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பேருந்தில் பேசாமல் வந்ததால் வீக்கம் சுத்தமாக இல்லை.

"இப்ப ஒண்ணும் தெரியலையே?"

"ஏலம் போட்டாத்தான் வரும், டாக்டர்."

"அப்ப போடுங்க."

கூட வந்திருந்த செண்பகத்தை நான் கூச்சத்தோடு பார்த்தேன். "போடுங்க. ஊரே கேக்கப் போடுதிய, இங்கன என்ன வெக்கம்?" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு மல்லிக்கு விலை கூறத் தொடங்கினேன். மருத்துவரின் விரல் என் கழுத்தில் இருந்தது. வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு நின்றது. கதவைத் திறந்து ஒரு பெரியவர் தலையை நீட்டி, "எந்த ஊரு மல்லி?" என்று கேட்டார். மருத்துவர் சிரித்துக்கொண்டே அவரை வெளியே போகச் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கழுத்தை இருபக்கமும் ஒப்பிட்டுப் பார்த்தார். வீக்கம் வந்திருந்தது. அதை மெதுவாக அழுத்தினார். காற்று இறங்கும் சத்தம் எங்கள் மூவருக்கும் கேட்டது.

"இது கட்டி இல்ல. காத்து" என்றார்.

மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுக் குரல்வளையைப் பார்த்தார்கள். அது வலிப்பதில்லை, கண்ணில் நீர் மட்டும் வரும். பிறகு சி.டி. ஸ்கேன் (உடலைக் குறுக்குவாட்டில் துண்டு துண்டாகக் காட்டும் கதிர்ப்படம்). ஒரு படம் சும்மா படுத்திருக்கும்போதும், இன்னொரு படம் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஊதும்போதும் எடுத்தார்கள். ஸ்கேனில் காற்று கறுப்பாகத் தெரியும். முதல் படத்தில் கழுத்துக்குள் ஒரு சிறிய கறுப்புக் கீற்று இருந்தது. ஊதிய படத்தில் அது பை போல விரிந்து வெளிப்பக்கம் வந்திருந்தது.

நோயின் பெயர் லாரிங்கோசீல் (குரல்வளையிலிருந்து பிதுங்கி வளரும் காற்றுப்பை). குரல்நாண்களுக்கு (பேசும்போது அதிரும் இரண்டு மடிப்புகள்) சற்று மேலே, இரு பக்கமும் ஒரு சிறு பை எல்லாருக்கும் உண்டு. அதில் ஊறும் ஈரம் நாண்களை வறளாமல் காக்கிறது. அரிதாகச் சிலருக்கு அந்தப் பைக்குள் காற்று புகுந்து அதை நீட்டிவிடுகிறது. சிலருக்கு அது குரல்வளைக்குள்ளேயே இருக்கும், சிலருக்குக் கழுத்தில் வெளியே வரும். எனக்கு இரண்டும். உள்ளே இருந்த பகுதிதான் மூச்சை அடைத்து விசில் அடித்தது.

ஊதுகிற, கத்துகிற தொழில்களில் இருப்பவர்களிடம் இதைக் கூடுதலாகக் கண்டிருக்கிறார்கள். மசூதிக் கோபுரத்தின் உயரத்தில் நின்று தொழுகைக்கு ஓதி அழைப்பவர்களிடம் இத்தகைய கழுத்து வீக்கத்தை எகிப்தில் ஒரு பிரெஞ்சு இராணுவ மருத்துவர் இரு நூற்றாண்டுகளுக்கு முன் பார்த்து எழுதியதாகப் பின்னர் படித்தேன். எனக்கு முன்னே இவ்வளவு பழைய வரிசை இருப்பது ஏனோ ஆறுதலாக இருந்தது.

பையின் வாயில் புற்று மறைந்திருந்தாலும் இப்படிக் காற்று அடைபடலாம் என்பதால் அதையும் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். கேமராவில் அப்படி எதுவும் தெரியவில்லை. எடுத்த பையைச் சோதித்தால்தான் உறுதி. அறுவை சிகிச்சை தேவை. தள்ளிப்போட்டால் பைக்குள் சீழ் கட்டலாம், மூச்சு திடீரென்று அடைக்கலாம்.

நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "திரும்ப ஏலம் கூற முடியுமா?"

அவர் ஒரு தாளில் படம் வரைந்தார். பையை ஒட்டியே ஒரு நரம்பு போகிறது. குரலை உச்சத்துக்கு ஏற்றுவதும், தண்ணீர் தவறி மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் உணரச் செய்வதும் அதன் கிளைகள். "நரம்பக் காப்பாத்தத்தான் பார்ப்பேன். உங்களுக்குக் குரல் வரும். இதே குரல் வரும்னு எழுதிக் குடுக்க மாட்டேன்."

"குரல் மாறினா கடைய மாத்தின மாதிரி, டாக்டர். ஒருத்தரும் வரமாட்டாவ."

செண்பகம் குறுக்கிட்டாள். "மூச்சு இருந்தாத்தான கடை. போடுங்க கையெழுத்த."

ஆவணியில் அறுவை சிகிச்சை நடந்தது. கழுத்து மடிப்பை ஒட்டிக் கீறி, பையை அது முளைத்த இடம் வரை பிரித்து எடுத்து அடியில் தைத்தார்கள். தேவைப்பட்டால் மூச்சுக்குக் கழுத்தின் முன்பக்கம் தற்காலிகத் துளை (டிரக்கியாஸ்டமி) போடுவோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் கை தானாக அங்கே போனது. துளை இல்லை. கட்டுக்குள்ளிருந்து நீர் வடிய ஒரு மெல்லிய குழாயும், உணவுக்கு மூக்கில் ஒரு குழாயும் இருந்தன.

பேசக் கூடாது என்பது கட்டளை. கிசுகிசுக்கவும் கூடாது. கிசுகிசுப்பதும் நாண்களுக்கு நல்லதல்ல என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வேண்டியதைக் கைப்பேசியில் தட்டிக் காட்டினேன். செண்பகம் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் சொன்னாள்: "கல்யாணமாயி இத்தன வருசத்துல இப்பத்தான் நான் சொல்லுதத முழுசாக் கேக்காவ." சிரிக்கவும் கூடாது என்று கையால் ஜாடை காட்டினேன்.

மூக்குக் குழாயை எடுத்த பிறகு முதல் வாய்த் தண்ணீர் புரையேறியது. தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்கக் கற்றுக்கொடுத்தார்கள். தண்ணீரைவிடக் கஞ்சி எளிது என்பதும் அங்கே அறிந்ததுதான். தண்ணீர் வேகமாக ஓடுகிறது. பயப்பட வேண்டாம், ஒவ்வொரு வாயாகப் பழகிவிடும்.

சோதனைக்கு அனுப்பிய பையில் புற்று இல்லை. அந்த முடிவை வாசித்த பிறகு மருத்துவர், "ஆ சொல்லுங்க" என்றார். சொன்னேன். வந்த ஒலி தாழ்ந்து, காற்றோடு கலந்து, அடுத்த அறையில் யாரோ சொன்னதுபோல் இருந்தது. செண்பகம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

குரல் பயிற்சிக்குப் பிறகு ஒலி உறுதிப்பட்டது, கரகரப்பும் போயிற்று. ஆனால் மேலே ஏற மறுத்தது. நரம்பு அறுபடவில்லை, இழுபட்டிருக்கிறது, ஓரளவு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். அளவோடு கத்தலாம் என்று கார்த்திகையில் அனுமதி கிடைத்தது. கழுத்து நரம்பு புடைக்க ஒரே மூச்சில் இழுக்கக் கூடாது.

அதுவரை வேலாயுதம் அண்ணாச்சியே ஏலம் கூறிக்கொண்டிருந்தார். "நான் கூப்பிட்டா ஈதான் வருது வே. வந்து நில்லும்" என்றார்.

நின்றேன். கூறினேன். யாரும் திரும்பவில்லை.

பக்கத்துக் கடையில் குனிந்து பிச்சி பார்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள் மட்டும் நிமிராமலே கேட்டார்: "யாருய்யா அங்கன புதுசாக் கத்துதது?"

"நாந்தான்."

"நாந்தான்னா யாரு?"

"சுப்பையா."

எழுந்து வந்து என் கழுத்துத் தழும்பைப் பார்த்தார். "கொரல எங்க வச்சிட்டு வந்திய அண்ணாச்சி?"

"திருநெல்வேலில."

"போயி வாங்கிட்டு வாரதுதான?" என்றார். அன்று தேவைக்கு மேல் இரண்டு கூடை வாங்கினார்.

அந்த மாதம் முழுக்கக் கூட்டம் குறைவுதான். இளையரசனேந்தலிலிருந்து கேந்தி கொண்டுவரும் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் கூடையைப் பக்கத்துக் கடையில் இறக்கினார். அவர்மேல் வருத்தமில்லை. அவர் பூ சாயங்காலம் வரை காத்திருக்காது. வேலாயுதம் அண்ணாச்சி சம்பளத்தைக் குறைக்காமல் தந்தார். எனக்கு அதுதான் கனத்தது. வேலையை விட்டுவிடலாம் என்று மார்கழியில் செண்பகத்திடம் சொன்னேன். "தை பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

பழைய குரலைத் தேடித் தேடித் தோற்றுக்கொண்டிருந்ததை அதற்குப் பிறகு நிறுத்தினேன். கிடைத்த உயரத்திலேயே நின்று, விலைக்கு விலை மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கூறினேன். தை பிறந்து கல்யாண நாட்கள் வந்தன. ஒரு காலை, நான் பிச்சிக்கு விலை சொல்லி நிறுத்தியபோது, இரண்டு கடை தள்ளி, எனக்கு முதுகு காட்டி நின்ற ஒருவர் திரும்பாமலே அதற்கு மேல் விலை கேட்டார். பெயர் தெரியாத வியாபாரி. அவருக்கு என் பழைய குரல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவருக்கு இந்தக் குரல்தான் எங்கள் கடை.

இதைப் பங்குனியில் எழுதுகிறேன். எங்கள் கடை ஏலம் இப்போது மற்றக் கடைகளுக்குப் பின்னால்தான் முடிகிறது. ஒரு விலைக்கும் அடுத்த விலைக்கும் நடுவே முன்பு எனக்கு இடைவெளி இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. ஒருவர் மனதுக்குள் கணக்குப் போடுகிறார். கூடைக்குச் சொந்தக்காரர் அவர் உதட்டையே பார்க்கிறார். ஈரத் துணி விலகி மல்லி வாசம் மேலே வருகிறது. மூச்சு உள்ளே போய், எங்கும் நிற்காமல் முழுதாகத் திரும்புகிறது. அடுத்த விலையைச் சொல்கிறேன்.