சிறிய காயம் கேட்டேன்

வலி வந்தபோது நான் மருத்துவமனைக்கு ஓடவில்லை, பெருமைப்பட்டேன். முருகனடியார்களே, அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தைப்பூசம். அப்போது கிள்ளானில் பள்ளி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பத்துமலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல். ஒருவேளைச் சோறு, தரையில் படுக்கை என்று கடுமையான விரதம். முட்டிவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையை மட்டும் விடவில்லை. வெறும் வயிற்றில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன். மாத்திரை சாப்பாட்டில் சேராது என்பது என் கணக்கு.

பூசத்துக்கு முந்தின வாரம் என் மனைவி சாந்தா வீட்டுக்குத் தூரமானாள். விரதக்காரன் இருக்கிற வீட்டில் அவள் இருக்கக் கூடாது என்று செந்தூலில் இருந்த அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய விதமும் நன்றாக இல்லை. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் காலை பூஜையில் நிற்கும்போது மேல்வயிற்றில் சுருக்கென்று குத்தியது. கொஞ்ச நேரத்தில் வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. முருகன் சோதிக்கிறான் என்று விபூதியைப் பூசிக்கொண்டு படுத்தேன். பார்க்க வந்த காவடிக் குழுத் தம்பிகளுக்கு, வலியைத் தாங்குகிறவன்தான் உடம்பில் குத்தும் வேலைத் தாங்குவான் என்று உபதேசம் வேறு. அன்று முழுக்க அப்படியே கிடந்தேன்.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு அங்கிள் போன் செய்து சாந்தாவை வரவழைத்தார். அவள் என்னைத் தூக்கக் குனிந்தாள்.

"தொடாத. விரதத்துல இருக்கேன்."

"விரதம் இருக்கட்டும்ங்க. மொதல்ல கார்ல ஏறுங்க."

வெறும் வயிற்றில் போட்ட மாத்திரையால் இரைப்பையில் வந்த புண் ஓட்டையாகிவிட்டது என்றார் டாக்டர், ஒரு தமிழ்ப் பையன். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுத் தைக்கும் முறை அப்போதுதான் வந்திருந்தது. அதை முயன்று பார்ப்போம், முடியாவிட்டால் வயிற்றைத் திறந்துதான் தைக்க வேண்டும் என்று விளக்கிக் கையெழுத்து வாங்கினார்.

உயிர் போகிற நேரத்தில் நான் என்ன வேண்டினேன் தெரியுமா? முருகா, துளையோடு முடித்துவிடு என்று. காவடி எடுப்பவன் வெற்றுடம்போடு நிற்க வேண்டும். நீளத் தழும்பைப் பார்த்தால், இவன் விரதத்தில் ஏதோ கோளாறு என்று நாலு பேர் பேசுவார்களே. அதுதான் என் கவலை.

கண் விழித்தபோது நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புள் தாண்டித் தையல். முருகன் கைவிட்டுவிட்டான் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் வந்து பொறுமையாகச் சொன்னார். துளை போட்டுத்தான் ஆரம்பித்தார்களாம். ஓட்டை ஐந்து காசு அளவுக்குப் பெரிதாக இருந்ததாம், ஓரமெல்லாம் நைந்து தையலே நிற்கவில்லையாம். நான் தாமதித்ததில் வயிறு முழுக்கச் சீழ். திறந்து கழுவித்தான் ஆக வேண்டியிருந்தது.

"சின்னக் காயத்தோட விட்டிருந்தா நீங்க இப்ப இருந்திருக்க மாட்டீங்க அண்ணே."

அன்று மாலை சாந்தா எனக்குத் தலை வாரிவிட்டாள். வெளியே காத்திருக்கையில் என்ன செய்தாய் என்று கேட்டேன். அவள் குற்றம் செய்தவள்போல் தலை குனிந்துகொண்டாள்.

"எவ்ளோ வேணும்னாலும் அறுக்கட்டும், ஆளக் குடுத்துரு முருகான்னு கேட்டேன். இந்த நேரத்துல சாமியக் கூப்பிடலாமான்னு தெரியலங்க. கூப்பிட்டுட்டேன்."

விரதம் இருந்த நான் தோலைக் கேட்டேன். ஒதுக்கி வைக்கப்பட்டவள் உயிரைக் கேட்டாள். முருகன் எதைக் கொடுத்தான் என்பது என் வயிற்றில் எழுதியிருக்கிறது. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அதன்பின் என் வீட்டில் விரதத்துக்காக யாரும் வெளியே போனதில்லை. குழுவில் யாருக்காவது வயிறு வலித்தால் முதலில் டாக்டர், பிறகுதான் விபூதி. அடுத்த வருஷத் தைப்பூசத்தில் காவடியும் எடுத்தேன், தழும்பைத் துண்டால் மறைக்கவில்லை.

அடியார்களே, உங்களுக்கும் ஒரு கஷ்டம் வந்தால் கூப்பிடுங்கள். குளித்திருக்கிறோமா, விளக்கேற்றினோமா, என்ன நாள் என்றெல்லாம் பார்க்க வேண்டாம். சாந்தாவைத் தள்ளி நிற்கச் சொன்னது நான்தான். முருகன் சொல்லவே இல்லை.