பூனைக்கு வீடு பார்க்க வந்தவர்

"இதற்கு முன் பூனை வளர்த்திருக்கிறீர்களா?" இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை சரியான பதில் இல்லை. கேட்டவர், இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் சிற்றூரின் பூனைக் காப்பகத்திலிருந்து வந்திருந்த பெண்மணி. இங்கே பூனை வேண்டும் என்றால் உடனே தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. முதலில் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். பெரிய சாலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், யாருக்காவது மூச்சிழுப்பு உண்டா, பூனை மலம் கழிக்கும் தட்டை எங்கே வைப்பீர்கள், ஊசி போடத் தவறாமல் கொண்டுபோவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். காலையிலிருந்து மூன்று முறை கார்ப்பெட்டைச் சுத்தம் செய்திருந்தும், அவர் குனிந்தபோதெல்லாம் நானும் குனிந்து பார்த்தேன்.

பூனை எனக்காக இல்லை, என் மகள் ரீட்டாவுக்காக. காரைக்குடியிலிருந்து வந்து பதினோரு மாதங்களாகிவிட்டன. ஐந்து வயதுப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை. ஆசிரியை இரண்டு முறை என்னைக் கூப்பிட்டு, வீட்டிலாவது பேசுவாளா என்று கேட்டார். பேசுவாள், தமிழில் ஓயாமல் பேசுவாள் என்றேன். நம்பினாரோ என்னவோ. போன மாதம் வகுப்புப் பிள்ளைகளைக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு சாம்பல் நிறப் பூனையின் கூண்டு முன்னால் உட்கார்ந்து, தன் பெயர், என் பெயர், தன் காலணி எண் வரைக்கும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அந்த ஆங்கிலம் இவ்வளவு நாளும் அவளிடம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே காப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன்.

ஆக, பெண்மணியின் கேள்விக்கு நான் "ஆமாம்" என்று சொன்னேன். காரைக்குடியில் என் மாமியார் வீட்டில் ஒரு பூனை இருந்தது. ஆனால் அதை யார் வளர்த்தார்கள்? மீன் கழுவும்போது வரும், தலையைத் தின்னும், நெல் மூட்டைமேல் தூங்கும். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. "அதற்கு என்ன ஆயிற்று?" என்று அடுத்துக் கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் நடந்ததை அப்படியே சொன்னேன்.

ரீட்டா வயிற்றில் ஏழு மாதம். பூனை முடி பிள்ளைக்கு ஆகாது, கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று அத்தை முடிவு செய்தார். எங்கள் பக்கத்தில் பூனையைச் சாக்கில் போட்டு, திசை மறக்கும்படி மூன்று சுற்றுச் சுற்றி, வெளியூரில் கொண்டுபோய் விடுவது வழக்கம். எங்கே விடுவது என்ற பேச்சு வந்தபோது பிள்ளையார்பட்டி என்றார் அத்தை. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; பிள்ளையார் கோயிலில் ஏன் என்று கேட்டேன்.

"கோயிலுக்கு வாரவுக ஏதாச்சும் போடுவாக ஆத்தா. பிள்ளையாரு வேற எலியோட இருக்காரு, இது பட்டினி கெடக்காது."

எல்லாரும் சிரித்தோம். சாக்கின் வாயைக் கட்டியது நான். சுற்றியதும் நான்தான். என் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கோயில் குளத்தங்கரையில் விட்டுவிட்டு வந்தார்.

இதையெல்லாம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சாக்கு என்றதும் பெண்மணியின் பேனா நின்றது. குளம் என்றதும் முகம் வெளுத்துவிட்டது. தண்ணீருக்குள்ளா என்றார். இல்லை, தண்ணீருக்குப் பக்கத்தில் என்றேன். எவ்வளவு பக்கத்தில் என்று கேட்டார். அதற்குள் உள்ளேயிருந்து என் கணவர் ஓடிவந்து, பூனையை உயிரோடுதான் விட்டோம், கோயிலில் சாப்பாடு கிடைக்கும் என்று விளக்கினார். இந்த ஊரில் அந்தக் காலத்தில் பூனையைச் சாக்கில் கட்டினால் ஆற்றில் முக்கத்தானாம். எனக்கு எப்படித் தெரியும்? பெண்மணி தேறிக்கொண்டு, மெதுவாக ஒன்றுதான் கேட்டார்: "பிறகு போய்ப் பார்த்தீர்களா?"

இல்லை. அடுத்த நான்கைந்து வருடத்தில் அந்த வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு முறைகூட இறங்கிப் பார்த்ததில்லை.

அவர் போனபின், "அதையெல்லாம் அவுககிட்ட எதுக்குச் சொன்ன?" என்றார் என் கணவர்.

"கேட்டாக. பொய் சொல்லச் சொல்லுறீகளா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலைப் பூசை முடிந்து அத்தை எஸ்.டி.டி. பூத்தில் காத்திருப்பார்; நாங்கள் அந்த எண்ணுக்குப் பேசுவோம். இந்தக் கதையைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உன்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நாங்க இம்புட்டுக் கேக்கலையே ஆத்தா," என்றார். சிரித்து முடித்துவிட்டு, "சரி, நீக இங்குட்டு வரும்போது அது எங்குட்டுப் போகும்?" என்று கேட்டார்.

பூனை கிடைக்காது என்றுதான் நினைத்திருந்தேன். நேற்றுத் தபாலில் ஒரு தாள் வந்திருக்கிறது. தரச் சம்மதமாம். ஆனால் அது வாழும் காலம் முழுவதும், பதினைந்து வருடமானாலும், பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். நாட்டை விட்டுப் போவதானால் வேறு யாருக்கும் கொடுக்காமல் காப்பகத்திலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டும். என் கணவரின் வேலை ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம்தான். நீட்டிப்பார்களா என்று தெரியாது; நீட்டினால் நாங்கள் இருப்போமா என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதேயில்லை. ஒரு பூனை வந்து அதைக் கேட்கும் என்று நினைக்கவில்லை. கையெழுத்துப் போட்டால், ஏழு வயதில் ரீட்டா கையாலேயே அதைக் கூண்டுக்குள் விடச் செய்வேனோ என்று பயமாக இருக்கிறது. போடாவிட்டால், திறந்த வாயை மறுபடி மூடிக்கொள்வாளோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. வெந்நீர்க் குழாய் சூடாகும் மூலையில் ரீட்டா ஓர் அட்டைப்பெட்டியை வைத்திருக்கிறாள். காரைக்குடியில் கிறிஸ்துமஸுக்குத் தைத்த, இப்போது பத்தாமல் போன சிவப்பு கவுனை அதற்குள் மெத்தையாக விரித்திருக்கிறாள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசுகிறாள். நான் கிட்டே போனால் தமிழுக்கு மாறிவிடுகிறாள்.

வெள்ளிக்கிழமைக்குள் தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளோடு வெளிநாடு வந்து ஒரு பிராணியை வளர்த்து, பிறகு விட்டுவிட்டுப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் பிள்ளை எத்தனை நாள் அழுதது? வளர்க்காமலே இருந்திருக்கலாம் என்று பின்னால் ஒரு நாளாவது சொன்னதா?